பழைய பத்மினிக்கு ராப் ஒட்டுவதா, பெயின்ட் அடிப்பதா?

கேள்வி இதுதான்: திருவாரூர் பக்கம் வீடு, அப்பா வைத்திருந்த 1986 பிரீமியர் பத்மினி, கிரீம் கலர், மேலெல்லாம் வெளிறிப் பொடி பூத்துக் கிடக்கிறது, கதவுக்கு அடியில் இரண்டு மூன்று இடத்தில் கொப்புளம். திருச்சியில் ஒரு கடைக்காரர் நாலே நாளில் ராப் (பெயின்டுக்கு மேலே ஒட்டுகிற கலர் பிளாஸ்டிக் ஃபிலிம்) ஒட்டித் தருகிறேன், புது வண்டி ஆகிவிடும் என்கிறார். தகட்டு வேலை பார்க்கும் ஊர் டிங்கர் மொத்தமாகச் சுரண்டி அடித்தால்தான் சரிவரும், மூன்று மாதம் வண்டியை விட்டுவிடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கொப்புளம் இருக்கிறதென்றால் முழு வண்டிக்கும் ராப் வேண்டாம். அதற்காக டிங்கர் சொல்வதை அப்படியே ஏற்று மொத்தத்தையும் சுரண்டவும் வேண்டாம். இரண்டு பேரும் கலரைப் பார்த்துப் பேசுகிறார்கள், உங்கள் வண்டியின் பிரச்சினை கலருக்குக் கீழே, தகட்டில் இருக்கிறது. தகட்டைப் பார்க்காமல் இதில் முடிவெடுக்க முடியாது, பார்த்துவிட்டால் பெரும்பாலும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

நம் பக்கத்து வண்டிகளுக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. ஐப்பசி கார்த்திகை முழுக்க மழை, சுற்றிலும் வயலில் தண்ணீர், காற்றில் எப்போதும் ஈரம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலோரம் போய்வருகிற வண்டியானால் உப்புக்காற்று வேறு. இதோடு நாம் ரோட்டில் பரப்பிப் போடுகிற உளுந்துச் செடியும் வைக்கோலும் சேர்ந்துகொள்கின்றன. அதன்மேல் ஏற்றிப் போகும்போது தூசியும் சண்டும் வீல் வளைவுக்குள் புகுந்து சேற்றோடு ஒட்டிக்கொள்ளும், கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் ஓட்டைகளையும் அடைத்துவிடும். கண்ணாடி இறங்குகிற சந்து வழியாகக் கதவுக்குள் போகும் மழைத்தண்ணீர் அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அடைபட்டால் உள்ளேயே தங்கும். உங்கள் கதவில் வந்திருக்கும் கொப்புளம் அநேகமாக வெளியிலிருந்து வந்ததல்ல, உள்ளே துருவேறித் தகட்டைத் தின்று, கடைசியாகப் பெயின்டைத் தூக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பது. நீங்கள் பார்க்கிற கொப்புளம் எட்டணா அளவு என்றால் உள்ளே அது உள்ளங்கை அளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, பத்மினிக்கு எடை தாங்கும் அடிச்சட்டமாகிய சேஸி தனியாகக் கிடையாது, பாடியேதான் சேஸி. அம்பாசிடரும் அப்படியே. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டி மாதிரியான பகுதி, கால் வைக்கிற தளம், இதெல்லாம்தான் வண்டியின் எடையைத் தாங்குகிறது. அங்கே துரு என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை. ஓதம் ஏறின சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கிற மாதிரி அதன்மேல் பளபளவென்று ஒரு ஃபிலிமை ஒட்டினால் துரு பாட்டுக்கு உள்ளே வளரும், வெளியே தெரியாது என்பதுதான் அதில் உள்ள ஆபத்தே. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்து ஃபிலிமுக்கு அடியில் தண்ணீர் போய்விட்டால், அது காய வழியே இல்லை.

சரி, எப்படிப் பார்ப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தரையில் போட்டிருக்கும் ரப்பர் மேட்டையும் அதற்குக் கீழே இருக்கும் சணல் விரிப்பையும் எடுத்து வெளியே போடுங்கள். சணல் ஈரமாக இருந்தால் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள், நல்ல தகடு கணீரென்று சொல்லும், துருப்பிடித்தது மொத்தையாகச் சொல்லும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் இடம், பேட்டரித் தட்டு (ஆசிட் சிந்தி அங்கே எப்போதும் அரித்திருக்கும்), ஹெட்லைட் கிண்ணத்தின் பின்பக்கம், முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள், கூரையின் இரண்டு பக்கமும் ஓடுகிற தண்ணீர்க்கால், இவ்வளவும் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, மட்கார்டு எல்லாவற்றின் மேலும் மெதுவாக நகர்த்துங்கள். தகடு இருக்கும் இடத்தில் இழுக்கும், பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்ப அப்புகிற பசை, கனமாகப் போட்ட இடத்தில் நழுவும். நாற்பது வருஷ வண்டியில் கொஞ்சம் பட்டி இல்லாமல் இருக்காது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஒரு கதவின் அடிப்பாகம் முழுக்கக் காந்தம் ஒட்டவில்லை என்றால்தான் அங்கே தகடு இருக்கிறதா என்றே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது, பெயின்ட் தகட்டைப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. கல்யாணத்துக்கு வண்டி கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பூ அலங்காரத்துக்கு ஒட்டின டேப்பை மறுநாள் பிய்க்கும்போது பெயின்டும் கூடவே வந்துவிடும். அதையே வேண்டுமென்று செய்து பாருங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு கிழித்து, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால் பெயின்ட் பிடித்திருக்கிறது. செதிலாக வந்தால் ராப் பேச்சையே எடுக்காதீர்கள், ஏனென்றால் ராப்பை ஒருநாள் கழற்றியாக வேண்டும், அன்றைக்கு முழு வண்டிக்கும் இதுதான் நடக்கும். ஃபிலிம் தயாரிக்கிறவர்களே கம்பெனியில் அடித்த பெயின்ட் நல்ல நிலையில் இருந்தால்தான் சுத்தமாகக் கழன்று வரும் என்கிறார்கள், நடுவில் ஊரில் ரீபெயின்ட் அடித்த வண்டிக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. 1986 பத்மினி ஒருமுறைகூட ரீபெயின்ட் ஆகாமல் இருந்தால் அது அதிசயம்.

ராப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடையில் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். ஃபிலிமின் கனம் பசையோடு சேர்த்து ஏறக்குறைய 80 முதல் 110 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அது எதையும் மறைக்காது. பெயின்ட் உதிர்ந்த பள்ளத்தின் விளிம்பு, பட்டியின் அலை, மண் துகள், எல்லாம் மேலே தெரியும், பளபளப்பான கலரென்றால் முன்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே ராப் ஒட்டுவதற்கு முன்னால் டிங்கர் வேலையும் பட்டியும் அடிப்பூச்சான பிரைமரும் எப்படியும் செய்தாக வேண்டும். அவ்வளவும் செய்தபிறகு பெயின்டுக்கு மிச்சம் இருப்பது கடைசி இரண்டு படிதான், அங்கே போய் எதற்கு ஃபிலிமுக்குக் காசு கொடுப்பது என்று யோசியுங்கள். புதுப் பெயின்டின் மேல் உடனே ஒட்டவும் முடியாது, உள்ளிருக்கும் தின்னர் ஆவி முழுக்க வெளியேறப் பல வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் ஃபிலிமுக்கு அடியில் குமிழ் குமிழாக வரும்.

ஃபிலிமிலும் இரண்டு ஜாதி. காஸ்ட் என்பது மெல்லியது, வளைவுக்கு இணங்கும், சுருங்காது, விலை அதிகம். காலண்டர்டு என்பது போர்டு, பேனர்க் கடைகளில் புழங்குவது, மலிவு, வெயில் பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். நாலு நாளில் மலிவாக முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது எந்த ஜாதி என்பதைத்தான். பத்மினியின் பின்பக்கம் துடுப்பு மாதிரி எழும்பியிருக்கிறதே, அந்த இடம், ஹெட்லைட்டைச் சுற்றிய குமிழ், இதையெல்லாம் மூடுவதற்கு ஃபிலிமைச் சூடாக்கி இழுப்பார்கள். அதிகம் இழுத்தால் கலர் வெளிறும், பள்ளத்தில் உட்கார வைத்த இடத்தைக் கடைசியில் மறுபடி நன்றாகச் சூடேற்றி விடாவிட்டால் சித்திரை வெயிலில் தானே எழும்பிக்கொள்ளும். இப்போதைய வண்டிகள் வழவழப்பாக இருப்பதால் ஒட்டுகிறவருக்குச் சுலபம், பழைய வண்டியிலோ தண்ணீர்க்கால், குரோம் பட்டை, வெளியே தெரிகிற ரப்பர் என்று சாணுக்கு ஒரு விளிம்பு, விளிம்பு வந்த இடமெல்லாம் ஃபிலிம் தூக்குகிற இடம். கதவைத் திறந்தால் உள்ளே பழைய கிரீம் கலர் பல்லைக் காட்டும். நல்ல காஸ்ட் ஃபிலிமே பக்கவாட்டில் ஐந்தாறு வருஷம் தாங்கும், நம் வெயிலில் பானட்டும் கூரையும் அதற்கு முன்பே போய்விடும். விட்டுவைத்தால் மொறுமொறுவென்று ஆகித் துண்டு துண்டாகப் பிய்யும், பசை தகட்டிலேயே நிற்கும். மினுக்கம் இல்லாத மேட் கலர் என்றால் ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் கறையாக நிற்கும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ராப்புக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. தகடு சுத்தம், பெயின்ட் டேப்புக்கு அசையவில்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது, ஒரு இரண்டு மூன்று வருஷத்துக்கு வேறு கலரில் பார்க்க ஆசை, அப்புறம் பழைய கலருக்கே திரும்ப வேண்டும் என்கிறவருக்கு அது சரிதான். அப்பாவின் வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள், அவர் அடித்த பெயின்ட் அப்படியே இருக்க வேண்டும், ஆனால் மேலும் கெடக்கூடாது என்பது உங்கள் எண்ணமானால், கலர் ஃபிலிமைவிடக் கண்ணாடி மாதிரி இருக்கும் பாதுகாப்பு ஃபிலிமைப் பானட்டுக்கு மட்டும் போடலாம். அதற்கும் அதே டேப் சோதனைதான்.

நீங்கள் இரண்டு பேரிடமும் கேட்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். அந்தக் காலத்துப் பெயின்டில் மேலே தனியாகக் கிளியர் கோட் என்கிற நிறமற்ற பூச்சு கிடையாது, கலரேதான் மேல்பூச்சு. வெயிலில் அதன் மேல்தோல் மட்டும் வெந்து பொடியாகிறது, கீழே கலர் உயிரோடு இருக்கிறது. டிக்கி மூடியில் ஒரு சதுர அடி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவித் துடைத்து, பழைய பருத்தி பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட் கொஞ்சம் தொட்டு, கையாலேயே, ஒரே திசையில், அழுத்தாமல் தேயுங்கள். துணியில் கிரீம் கலர் ஏறும், பயப்படாதீர்கள், அது செத்த பெயின்ட். கொஞ்ச நேரத்தில் துணியின் இழுவை குறைந்து வழுக்க ஆரம்பிக்கும், துடைத்துப் பார்த்தால் கீழே இருக்கும் மஞ்சள் கலந்த கிரீம் தெரியும், பக்கத்தில் இருக்கும் வெளிறிய பகுதியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே வண்டியா என்று இருக்கும். அதன்மேல் வேக்ஸ் போட்டு விட்டுவிடுங்கள். மடிப்பும் முனையும் வருகிற இடங்களில் மட்டும் தேய்க்காதீர்கள், அங்கே பெயின்ட் மெல்லியது, ஒரு நொடியில் பிரைமர் தெரிந்துவிடும். மிஷின் வேண்டாம், எவ்வளவு பெயின்ட் மிச்சம் என்று தெரியாத வண்டியில் மிஷினைப் போடுவது சூதாட்டம்.

இது வேலை செய்தால் கணக்கே மாறிவிடுகிறது. கதவின் அடிப்பாகத்தையும் தளத்தையும் மட்டும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, அந்தப் பகுதிக்கு மட்டும் கலர் சேர்த்து அடித்துவிட்டு, மிச்சத்தைப் பாலிஷில் மீட்டுக்கொள்ளலாம். கலர் துல்லியமாகச் சேருமா என்றால், நாற்பது வருஷம் வெயில் குடித்த கிரீமோடு எந்தக் கலர்க்கடை மிஷினும் நூற்றுக்கு நூறு சேர்க்காது. டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டு போய், பாலிஷ் போட்ட பிறகு இருக்கும் கலருக்குச் சேர்க்கச் சொல்லுங்கள், கதவின் அடியில் இருக்கும் சின்ன வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. எனக்கென்னவோ முழுக்கப் புதுசாகப் பளபளக்கும் பத்மினியைவிட இப்படி வயசோடு சுத்தமாக இருக்கும் பத்மினிதான் அழகு.

முழுப் பெயின்ட்தான் என்று தகடு சொல்லிவிட்டால், முதலில் பஞ்சாங்கத்தைப் பாருங்கள், நல்ல நேரத்துக்காக இல்லை, பருவத்துக்காக. நம் ஊர் ஷெட்டுகளில் பெயின்ட் அடிப்பதற்கென்று மூடிய அறை (பூத்) கிடையாது, நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டித்தான் அடிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அடிக்கவே கூடாது. பழைய என்.சி. (தின்னர் ஆவியாகியே காய்கிற நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டானால் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, ஈரம் அதன்மேல் படிந்து, பால் ஊற்றினது போல வெளுக்கும். இப்போதைய டூ-கே பி.யூ. (இரண்டு பொருளைக் கலந்து அடிக்கிற பாலியூரித்தேன்) பெயின்டானால் அதை இறுக வைக்கிற ஹார்டனர் பெயின்டோடு சேர வேண்டியதை விட்டுக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்துகொண்டு மினுக்கம் போய்க் குமிழ் தட்டும். தை, மாசியில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் அதுதான் சம்பா அறுப்பு, மிஷின் ஓடுகிற வயலுக்குப் பக்கத்து ஷெட் என்றால் ஈரப் பெயின்டில் நெல் சுணை வந்து ஒட்டும். ஆடியில் காற்று. ஆக பங்குனியும் சித்திரையும்தான் தோது, சூட்டுக்கு ஏற்றபடி மெதுவாகக் காய்கிற தின்னர் வாங்க வேண்டும். தை மாதமே வண்டியை விட்டுத் தகட்டு வேலையை முடித்துவிட்டால் பங்குனியில் அடிக்கலாம்.

ஷெட்டில் விட்டபிறகு நீங்கள் கவனிக்க வேண்டியது பெயின்ட் கம்பெனிப் பெயரை இல்லை, நடுவில் இருக்கும் படிகளை. சுரண்டின தகடு ஒரு ராத்திரி வெறுமனே நின்றாலே நம் காற்றில் செம்மை தட்டிவிடும், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் ஏற வேண்டும். பட்டி அந்த எபாக்ஸிக்கு மேலே வர வேண்டும், வெறும் தகட்டின்மேல் இல்லை, பட்டி ஈரத்தை உறிஞ்சித் தகட்டுக்குக் கொடுத்துவிடும். துரு நீங்காத தகட்டில் பட்டி அப்புகிறவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அதற்குமேல் மேற்பரப்பைச் சமன் செய்யப் போடும் சாம்பல் கலர் சர்ஃபேஸரும் ஈரம் குடிக்கும். பணம் தீர்ந்து சர்ஃபேஸரோடு வண்டியை வெளியே மழையில் நிறுத்தி, பொங்கல் கழித்து அதன்மேலேயே கலர் அடித்து, அடுத்த கோடையில் மேலெல்லாம் அம்மை போட்ட மாதிரி கொப்புளித்த வண்டிகள் நம் பக்கத்தில் நிறைய. கம்ப்ரஸருக்கும் இதே கதைதான், நம் காற்றை அமுக்கினால் டேங்கில் தண்ணீர் சேரும், காலையில் டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை வடிக்கிறாரா, லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், அதை வைத்தே ஆளை எடைபோடலாம். பழைய எனாமலை முழுக்க எடுக்காமல் அதன்மேல் காரமான தின்னர் உள்ள பெயின்டை அடித்தால் சுருங்கித் தூக்கும், ஆகவே தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் துடைத்துப் பழைய பெயின்ட் இளகுகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மெல்லிய தகட்டுக்கு மணல் பிளாஸ்டிங் வேண்டாம், கதவும் பானட்டும் நெளிந்துவிடும். டூ-கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை அது இல்லை. வெளிக்காற்று குழாயில் வருகிற மாஸ்க்குக்கு ஷெட்காரர் காசு கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், அடிக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

காகித விஷயம் சுருக்கமாக. ஆர்.சி.யில் கலர் பதிவாகியிருக்கும். பெயின்டோ ராப்போ, கலர் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லி அதை மாற்றிக்கொள்ள வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். அதே கிரீம் என்றால் இந்த அலைச்சல் இல்லை. சிலருக்கு ஆலிவ் பச்சைமேல் ஒரு ஆசை இருக்கும், மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது ராணுவ வண்டிகளுக்கு மட்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு உங்களுக்கு இப்போது பொருந்தாது, 2036-க்கு மேல்தான். ஆனால் அதில் பாடியும் சேஸியும் இன்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பதால், அந்த எண்ணம் இருந்தால் இன்றைக்குத் தகடு வெட்டும்போதே பழைய வடிவத்திலேயே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள், வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கடைசியாக, வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் கண்ணாடி ரப்பர், கதவு பீடிங், குரோம் பட்டையின் கிளிப், வைப்பர் அடியில் வரும் ரப்பர் எல்லாம் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, எல்லாம் ஒரே கடையில் கிடைக்காது, பழைய வண்டிச் சாமான் விற்கிற சென்னை புதுப்பேட்டைவரை தேட வேண்டியிருக்கும். பழைய ரப்பர் கழற்றும்போதே நொறுங்கும், புதுசு வரும்வரை கண்ணாடி இல்லாமல் வண்டி ஷெட்டில் நிற்கும். ரப்பர் கையில் வந்தபிறகு டிங்கரிடம் தேதி சொல்லுங்கள்.